வெட்டியவனும் துண்டோடு வந்தான்

என் மூத்த மகனுக்கு, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுகிற ஆராய்ச்சியாளருக்கு, தேத்தண்ணிக் கடைக்காரி எழுதுவது.

நெடுந்தீவுக் காற்று உன்னை இன்னும் தூக்கிக்கொண்டு போகவில்லை என்று வள்ளத்தில் வருகிறவர்கள் சொல்கிறார்கள். அங்கே திரிகிற குதிரைகளிடமும் கேள்வித்தாளை நீட்டினானா என்று கேட்டேன். அவர்களுக்குப் பகிடி விளங்கவில்லை. நீ எடுக்கிற போனுக்கு நான் பதில் சொல்லாதது கோபத்தில் என்று நினைத்திருப்பாய். தொடக்கத்தில் கோபம்தான். இப்போது அப்படி இல்லை. நீ "அம்மா" என்று தொடங்கினால் என் வாய் தன் பாட்டுக்கு ஏசத் தொடங்கிவிடும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கை இது. ஒரு கெட்ட வார்த்தையை எழுதி முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது. அதனால்தான் கடிதம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உன் கந்தோர் எங்கள் ஊர்காவற்றுறையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. இனி நெடுந்தீவும் நயினாதீவும் போதும் என்றார்கள், நீயும் ஓம் என்றாய். கடையின் பின்னறைப் பூட்டின் திறப்பை எண்ணெய் பிடித்த மேசையில் வைத்துவிட்டு, புருவத்தில் தையலோடு படியிறங்கிப் போனாய். நான் குசினிக்குள் நின்று பானை உரஞ்சினேன், திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது சொல்கிறேன்: அந்த அறையைத் திறக்க நீ வரவேண்டும். மீன்குழம்பு ஆறுகிறது என்று கூப்பிடுகிற தாயின் கதை இல்லை இது. வேறொருத்திக்காகக் கூப்பிடுகிறேன். அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் நடந்ததையெல்லாம் நான் கண்டபடி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சந்தையில் அது வேறு விதமாக விலைபோகிறது. கடிதம் வேறு கைகளுக்குப் போனாலும் போகட்டும். இதில் ஆட்களின் பெயர் ஒன்றும் உண்மையில்லை, கடை இருக்கிற இடத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது.

தூள், ஐஸ் என்று போதை பாவிக்கிறவர்கள் ஊசியை மாறிமாறிக் குத்துகிறார்களா, உடம்புக்கு ஏதும் வந்தால் எங்கே போகிறார்கள், என்னத்துக்குப் பயப்படுகிறார்கள் என்று விசாரிக்க உன்னை அனுப்பினார்கள். அந்த ஆட்களை எப்படித் தேடிப் பிடிப்பது என்று திட்டம் போடுவதே உன் உத்தியோகம் என்றாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நீ குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு விளங்கப்படுத்தினாய். வீடு வீடாகப் போனால் என்ன என்று கேட்டேன்.

"ஏலாது, அம்மா. பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ஆக்கள் எல்லாம் கனடாவில."

"அப்ப நாயைக் கேள். நாயள் இஞ்சைதானே நிக்குது."

"திறந்திருக்கிற வீட்டிலயும் ஆர் வாசல்ல நிண்டு, ஓம், நான் தூள் அடிக்கிறனான் எண்டு சொல்லுவினம்?"

"மறியல்சாலையில போய்க் கேள். ஆசுபத்திரியில கேள்."

"அங்கை கேட்டா பிடிபட்ட ஆக்கள்தான் கிடைப்பினம். பிடிபடாத ஆக்களின்ரை பழக்கம் வேற, அம்மா. எனக்கு அவையும் வேணும்."

பிறகுதான் கடதாசித் துண்டுக் கதையைச் சொன்னாய். முதலில் சிலரை நீயே பார்த்துப் பிடிப்பாய், அவர்களுக்கு விதை என்று பெயர். ஒருவன் கடலுக்குப் போகிறவன், ஒருவன் ஓட்டோ ஓடுகிறவன், ஒருவன் வெளிநாட்டுக்காரர் திருப்பி அனுப்பியவன். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஒவ்வொருவனுக்கும் மூன்று துண்டு. தன்னைப் போலப் பாவிக்கிற, தனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு அவன் அதைக் கொடுக்க வேண்டும். துண்டோடு வருகிறவனுக்கும் கேள்வி முடிந்ததும் மூன்று துண்டு. அதற்கு மேல் ஒருவனுக்கும் கிடையாது, இல்லாவிட்டால் கூட்டாளி கூடியவன் தன் பட்டாளத்தையே கொண்டுவந்து இறக்கிவிடுவான் என்றாய். இப்படிச் சங்கிலி நீண்டுகொண்டே போனால், தொடக்கத்தில் நீ யாரைப் பிடித்தாய் என்பதே பொருட்டில்லாமல் போகும், உனக்குக் கனவிலும் தெரியாத ஆட்கள் வந்து சேர்வார்கள். பெயர் கேட்பதில்லை. விரல் நுனியில் குத்தி, ஊசியால் தொற்றுகிற நோய் இருக்கிறதா என்று இரத்தம் பார்ப்பாய், முடிவை அவனுக்கு மட்டும் சொல்வாய். எனக்கு அது சங்கக்கடைக் கூப்பன் மாதிரித்தான் பட்டது, என்ன, சீனிக்குப் பதிலாக ஊசிக்குத்து.

ஒருவரும் வரமாட்டார்கள் என்று பந்தயம் கட்டினேன், தோற்றேன். வந்தார்கள். கரம்பொன்னிலிருந்து வந்தார்கள், சுருவிலிலிருந்து வந்தார்கள். தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் வந்து, வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகு மெல்லப் பின்னறைக்குள் போனார்கள். நான் ஒவ்வொருவனையும் ஒரு பகிடியோடு உள்ளே அனுப்பினேன். அவர்களில் யூட் எனக்கு ராசியானவன். கடலட்டை பிடிக்கிற படகில் போகிறவன், கொடுப்புப் பல் இரண்டு இல்லை, சிரித்தால் குகை மாதிரி இருக்கும். உன் விதைகளில் நாலாவது அவன். "அக்கா, நான் நாலாம் நம்பர் விதை. நல்லா முளைப்பன்" என்று கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவான். "முளைக்கிறதுக்கு முதல் முகத்தைக் கழுவு" என்பேன்.

பிழை விழுந்த இடம் உனக்கே தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். துண்டில் பெயர் இல்லை, எண் இருந்தது. யூட் நாலு என்றால் அவனுக்குக் கொடுத்த துண்டுகள் நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. கந்தோர்க் கணினியில் கோப்பதற்கு அது லேசாம். கோயிலில் யார் யாரைப் பெற்றார் என்று பரம்பரை வாசிப்பது போல இருக்கிறது என்று நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். எவன் கையில் துண்டு கிடைத்தாலும் அதை அனுப்பியவன் யார் என்று அந்த எண்ணே சொல்லிவிடும் என்பது அன்றைக்கு உனக்கும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை.

எனக்காவது பிடிபட்டிருக்க வேண்டும். உனக்கு மாமன் ஒருவன் இருந்தான், நீ கண்டதில்லை. யுத்த காலத்தில் ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்றில் எங்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் தலையை மூடிய ஒருவன், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஆண்கள் வரிசையாக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். சாக்கு ஆடினால் அந்த ஆளை இழுத்து எடுப்பார்கள். தலையாட்டி என்று அவனுக்குப் பெயர். என் அண்ணை நடந்தபோது சாக்கு ஆடியது. துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள், அவன் துப்பினது பல்லா இரத்தமா என்று தெரியவில்லை, சாரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்குவரை அவன் வரவில்லை. சாக்குக்குள் இருந்தவன் எங்கள் ஊர்க்காரன் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பிறகு எத்தனையோ காலம் ஒருவன் மற்றவனுடைய கண்ணைப் பார்த்து, இந்தக் கண்தானோ அது என்று யோசித்தான். அப்படிப்பட்ட சனத்தின் கையில், இவனை அனுப்பினது அவன் என்று காட்டுகிற ஒரு கடதாசியை நாங்கள் கொடுத்தோம்.

மண்கும்பான் கரையில் இறங்கிய தூள் பொதி ஒன்று பொலிசிடம் பிடிபட்டது. யார் காட்டிக்கொடுத்தது என்று விற்கிறவர்கள் தேடினார்கள். சங்கு குளிக்கிற ஒருவனை மறித்துச் சோதித்தபோது சட்டைப்பைக்குள் துண்டு இருந்தது, நாற்பத்தொன்று. காட்டிக்கொடுக்கிறவர்களின் அடையாளச் சீட்டு அது என்று நினைத்தார்கள். கல்லில் கிடத்தி விலாவை மிதித்து உடைத்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை. நாலு யார் என்று யூட்டே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தானே.

காலைச் சாப்பாட்டு நேரம் அது. யூட் இடியப்பத்துக்குச் சொதி விட்டுக்கொண்டு, "அக்கா, சொதிக்குள்ள மீனைத் தேட கண்ணாடி போட்டுச் சுழியோட வேணும்போல கிடக்கு" என்று என்னைச் சீண்டிக்கொண்டிருந்தான். நான் எண்ணெய்த் தாச்சியில் வடை போட்டிருந்தேன். இரண்டு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே வந்தார்கள். வாள் என்றால் நீ படத்தில் காண்கிற வாள் இல்லை, லொறி வில்லுத் தகட்டைத் தட்டி எடுத்தது, ஒரு பக்கம் துரு, ஒரு பக்கம் பளபளப்பு. முதல் வெட்டு முகத்துக்கு வந்தது. யூட் வலது கையால் மறித்தான். விரல்கள் சொதிக்குள் விழுந்தன. அவன் கத்தக்கூட இல்லை, தட்டையே பார்த்தான். இரண்டாவது வெட்டு தோளில் இறங்கி எலும்பில் இறுகி நின்றது. வெட்டினவன் காலை ஊன்றி வாளை இழுத்தான், விறகில் இறுகின கோடரியை இழுப்பது போல.

அப்போதுதான் நான் தாச்சியைத் தூக்கினேன். வடையோடு எண்ணெயும் அவன் கழுத்திலும் முன்னங்கையிலும் போனது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். தோல் கையுறை மாதிரிக் கழன்று தொங்க, அவன் அதே கையால் யூட்டின் சட்டைப்பையைக் கிழித்து உள்ளே கிடந்ததை அள்ளிக்கொண்டு ஓடினான். யூட்டின் இரத்தம் அந்தக் கை முழுக்க. மற்றவன் போகிற போக்கில் கண்ணாடி அலுமாரியை உடைத்தான், றோல்ஸ் எல்லாம் வீதியில் உருண்டது. நீ பின்னறையிலிருந்து ஓடிவந்து யூட்டின் கையை நீ போட்டிருந்த சேட்டால் இறுக்கிக் கட்டினாய். நான் விரல்களைப் பொறுக்கி மீன் பெட்டி ஐசுக்குள் போட்டுக் கொடுத்தேன். வைத்தியர்களால் பொருத்த முடியவில்லை. பொலிஸ் கேட்டபோது, ஹெல்மெற் போட்டிருந்தார்கள், ஆளைத் தெரியாது என்று யூட் சொல்லிவிட்டான். ஆசுபத்திரிக் கட்டிலில் மயக்கம் தெளிந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி உனக்கு ஞாபகம் இருக்கும். "அக்கா, மிச்சச் சொதியை ஆருக்கும் வித்துப்போட்டியளோ?"

அதற்குப் பிறகு ஊர் உன்னைத் தலையாட்டி என்றது. சந்தையில் ஒருத்தி என் முகத்துக்கு முன்னாலேயே சொன்னாள், நான் அவளுடைய கொண்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லு, தலையை நான் ஆட்டிக் காட்டுறன்" என்றேன். நீயோ சோறு தின்னாமல் பின்னறைக்குள் இருந்து துண்டுகளை எல்லாம் கிழித்தாய். தலையும் வாலும் தெரியாத எண்களோடு புதுத் துண்டு அடித்தாய். யார் யாரை அனுப்பினது என்பது கந்தோர்க் கணினியைத் தவிர ஒருவருக்கும் விளங்காது என்றாய். கடையைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போவோம் என்று நான் கெஞ்சினேன். "முடிவு கேட்டு வாற ஆக்கள் இருக்கினம், அம்மா. விட்டிட்டுப் போக ஏலாது" என்றாய்.

பிறகு அவன் வந்தான். மதிய வெயிலில், நீளக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டனையும் பூட்டிக்கொண்டு. அந்த வெயிலில் எவன் அப்படி வருவான்? கழுத்தில் பட்டனுக்கு மேலால் புண் எட்டிப் பார்த்தது, பொருக்கு வெடித்துச் சீழ். கையில் துண்டு, நாற்பத்துமூன்று. அதில் காய்ந்து கறுத்த இரத்தம்.

"இஞ்சை பேர் கேக்காம ரத்தம் பாக்கிறவை எண்டு சொன்னவை" என்றான்.

"கோதாரியில போவானே, ஆற்றை துண்டடா அது?" என்று நான் பாய்ந்தேன்.

நீ வெளியே வந்தாய். "அம்மா, உள்ளுக்குப் போங்கோ."

"இவன்தான்! கழுத்தைப் பார்! என்ரை எண்ணெய்!"

"தெரியும், அம்மா."

"தெரிஞ்சுமோ?"

"துண்டு கொண்டு வந்திருக்கிறார்."

"களவெடுத்த துண்டு! யூட்டின்ரை பொக்கற்றைக் கிழிச்சு எடுத்த துண்டு!"

"எனக்குப் பிடிச்ச ஆக்களை மட்டும் கேட்டா அது கணக்கெடுப்பில்லை, அம்மா."

நான் இரும்பு அகப்பையை அவனுடைய மண்டைக்குத்தான் ஓங்கினேன். நீ குறுக்கே வந்தாய். புருவம் வெடித்தது. உன் இரத்தம் என் கையில் தெறித்தபோது நான் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை, இன்னொன்றும் போட்டேன், தோளில். நீ என்னைப் பிடித்துக் குசினிக்குள் தள்ளிக் கதவுக்குக் கொண்டியைப் போட்டாய். பெற்ற தாயைக் கொண்டி போட்டுவிட்டு வெட்டினவனுக்குக் கதிரை போட்டாய். பலகைச் சுவர், நடுவில் வெடிப்பு. கேட்கக் கூடாததைக் கேட்டேன். வந்து ஏசு, வாங்கிக்கொள்கிறேன்.

"இந்தத் துண்டு ஆரிட்டை இருந்ததோ, அந்த ஆள் உமக்கு ஆர்?" என்று நீ கேட்டாய். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் அது.

கதிரை கிறீச்சிட்டது. பிறகு, "பள்ளிக்கூடத்தில ஒண்டாப் படிச்சனாங்கள்" என்றான்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். உன் பேனை எழுதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஊசியைப் பற்றிக் கேட்டாய், காய்ச்சலைப் பற்றிக் கேட்டாய். பிறகு கேட்டாய், "இந்தக் கிட்டடி நாளில ஆரும் உம்மைக் காயப்படுத்தினவையோ?"

"எண்ணெய் ஊத்தினவை."

"நீர் ஆரையும் காயப்படுத்தினீரோ?"

"ஓம்."

"என்னத்தாலை?"

"வாளாலை." பிறகு அவன் குரல் உடைந்துபோனது. "அவன்ரை ரத்தம் என்ரை புண்ணுக்குள்ள போனது. அவன் ஊசி குத்திறவன். எனக்கும் வந்திட்டுதோ எண்டு பாக்கவேணும். பெரியாசுபத்திரிக்குப் போக ஏலாது. இந்தக் கழுத்தைக் கண்டா பிடிச்சுப்போடுவாங்கள்."

எண்ணெய் என்று அவன் சொன்னபோது குசினிக்குள் இருந்த எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ அவனுடைய விரலைக் குத்தினாய். உன் புருவத்திலிருந்து ஒழுகினதை ஒரு கையால் துடைத்துக்கொண்டு மற்றக் கையால் குத்தியிருப்பாய். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் நீ சொல்ல மாட்டாய். கடைசியில் உன் விதிப்படி மூன்று புதுத் துண்டு எண்ணிக் கொடுத்தாய். அவன் போன பிறகுதான் கொண்டியை எடுத்தாய். அப்போது நான் சொன்னது உனக்குத் தெரியும். நீ என் வயிற்றில் பிறந்தவன் இல்லை என்றேன், இன்னும் வேறும் சொன்னேன். அந்தக் கிழமையே கந்தோர் அறையை மூடச் சொன்னது.

யூட்டிடம் போய் முறைப்பாடு வைத்தேன். அவன் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். "ஓம் அக்கா, ஒண்டாத்தான் படிச்சனாங்கள். கணக்குப் பாடத்தில என்ரை கொப்பியைப் பாத்துத்தான் எழுதுவான். பிழையையும் பாத்து எழுதுவான்."

"அப்ப ஆளைத் தெரிஞ்சுதானே தெரியாதெண்டு பொலிசுக்குச் சொன்னனீ?"

"சொல்லியிருந்தா இவன் உள்ளுக்குப் போயிருப்பான், வெளியில நிக்கிற மற்றவன் உங்கடை கடைக்குத்தான் வந்திருப்பான்." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "உங்கடை மகன் செய்தது சரியெண்டு நான் சொல்லேல்லை. எனக்கு அவனிலை கோவந்தான். போங்கோ, அக்கா."

ஆகவே உனக்குச் சான்றிதழ் கொடுக்க ஒருவரும் இல்லை, நானும் இல்லை. இப்போது அவளிடம் வருகிறேன்.

போன கிழமை, மத்தியானம், கடையில் சனம் இல்லாத நேரம். ஒரு பெண் வந்து வடைத் தட்டுக்கு முன்னால் நின்றாள். முப்பது இருக்கும். முக்காடு மாதிரிச் சால்வை. உதட்டில் பழைய வெட்டு, மணிக்கட்டில் அயன்பெட்டி வைத்த அடையாளம், அதன் முக்கோணம் கூட அப்படியே. வடை வேண்டுமோ என்றேன். சால்வைக்குள்ளிருந்து துண்டு எடுத்து நீட்டினாள். தலையும் வாலும் இல்லாத எண். யூட்டை வெட்டின பிறகு கேள்விக்கு வந்தவன் அவன் ஒருவன்தான், அந்த மாதிரித் துண்டு இந்த ஊரில் மூன்றே மூன்றுதான் இருக்கிறது, மூன்றும் யார் கையில் போனது என்று எனக்குத் தெரியும்.

"எந்த வாளைக் கொண்டு வந்தனீ?" என்று கேட்டேன். அகப்பை கையில்தான் இருந்தது.

அவளுக்கு விளங்கவில்லை. "துண்டு முடிஞ்சுபோச்சோ, அக்கா?" என்றாள். "செல்லாதோ?"

"அறை மூடியாச்சு. போ."

அவள் போகவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "துண்டு தந்தவன் தான் பாத்திட்டானாம், என்னையும் போய்ப் பாக்கச் சொன்னவன். எனக்கும் அவனுக்கும் ஒரே ஊசி, அக்கா. ஆம்பிளையள் இதுவரைக்கும் எங்களைப் போல பொம்பிளையள் ஒருத்தருக்கும் துண்டு தரேல்லை. பொம்பிளையளுக்குத் தந்தா, அவளும் அடிக்கிறவள் எண்டு வெளிய வந்திடுமெல்லோ. என்னைப் போல இன்னும் இருக்கினம்."

உன் சங்கிலி எவ்வளவு நீண்டும் அதில் ஒரு பெண்கூட வந்து விழவில்லை. கந்தோர் தாளில் பெண்களுக்கு என்றிருந்த கட்டம் முழுக்க வெறுமையாகத்தான் கிடந்தது. நான் அகப்பையை வைத்துவிட்டு அவளைப் பின்னறைக்குள் இருத்தி, சோறு போட்டேன். அவள் பாதி தின்னவில்லை, வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சத்தத்தைக் கேட்டதும் அவள் தட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். அவளைக் கட்டின மனிசன்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னுக்கு வந்தேன். அவன் படியில் கிடந்த செருப்பைக் காலால் தட்டினான்.

"இது ஆற்றை?"

"என்ரை."

"உன்ரை காலுக்கு இது காணுமோ?"

"விலை குறைச்சுத் தந்தவங்கள், தம்பி. பெருவிரலை மட்டும் நுழைச்சுக்கொண்டு போறனான்."

"அவள் இஞ்சை வந்ததைக் கண்டிருக்கினம். பேரைச் சொல்லவோ?"

"எனக்கு ஒருத்தற்றை பேரும் தெரியாது. இஞ்சை பொம்பிளை எண்டா நான்தான். கூட்டிக்கொண்டு போறதெண்டாப் போ, சமையலும் தெரியும்."

குத்து வாயில் விழுந்தது. முன்பல் நாக்கில் வந்து கிடந்தது, துப்பினேன். இரண்டாவது குத்தில் மேசையோடு போய் மோதினேன், விலாவுக்குள் ஏதோ முறிகிற மாதிரி. தலைமயிரைப் பிடித்து முகத்தை மேசையில் தேய்த்துக்கொண்டு, "எங்கை அவள், எங்கை அவள்" என்று கேட்டான். கேட்கக் கேட்க எனக்கு வாய் பூட்டிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், உன் அப்பா இருந்திருந்தால் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியிருப்பார். கை எட்டின இடத்தில் தாச்சி. அதைத் தூக்கினேன். எண்ணெய் ஆறிப்போய் இருந்தது, அவனுக்கு அது தெரியாது. என் எண்ணெயைப் பற்றி ஊர் முழுக்கத் தெரியும். அவன் பின்னால் அடி வைத்தான், படியில் தடக்கி விழுந்தான், எழும்பி ஏசிக்கொண்டே போனான்.

அவள் வெளியே வந்து சால்வையால் என் வாயைத் துடைத்தாள். வேலியால் குனிந்து பின்பக்கத்து ஒடுங்கின ஒழுங்கைக்குள் இறங்குமுன் ஒன்றுதான் கேட்டாள்: "ரத்தம் பாத்து முடிய எனக்கும் மூண்டு துண்டு தருவினமோ? எனக்கு ஆக்கள் இருக்கினம்."

வெட்டினவனை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கு வந்தாலும் தாச்சி கொதிக்கத்தான் கொதிக்கும். நீ அவனைக் கதிரையில் இருத்தினதும் எனக்கு இன்னும் செமிக்கவில்லை. ஆனால் அவன் கையில் நீ துண்டு கொடுத்திராவிட்டால் இவள் என் வாசலுக்கு வந்திருக்க மாட்டாள். அதையும் என்னால் விழுங்க முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நீ படித்தவன், உனக்காவது செமிக்கிறதா என்று வந்து சொல்.

நெடுந்தீவில் மதில்கள் எல்லாம் நெஞ்சளவு என்று தெரியும்தானே. எந்த வீட்டுக்குள் யார் போனாலும் ஒழுங்கையில் நிற்கிறவன் காண்பான். அங்கே வெறும் தூள்காரருக்கென்று அறை எடுக்காதே. கண் பார்க்கிற இடம், பல் பார்க்கிற இடம் என்று சொல்லி எல்லாரும் வந்து போகிற மாதிரி ஒன்றைப் பார். பல்லென்றால் நானே முதல் ஆளாக வருவேன். விதையாக எடுக்கிறவன் வாயடிக்காதவனா என்று பார். இராச்சாப்பாட்டை நேரத்துக்குத் தின். உன் புருவத்துத் தையலை எடுத்தாயா, இல்லை அதையும் மறந்துபோனாயா? அடித்த கைதான் கேட்கிறது. இரவில் அது என் கண்ணுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான் எழுத வருகிறது.

அவள் திரும்பி வருகிற நாளை நான் இதில் எழுதவில்லை. கடிதம் கொண்டு வருகிற வள்ளக்காரர் காதோடு ஒரு நாளைச் சொல்லுவார். நீ வீட்டுக்கு வரவேண்டிய நாள் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. கந்தோருக்கு என்ன சாட்டுச் சொல்வாயோ சொல், தாய்க்கு விலா உடைந்துவிட்டது என்று சொல், அது பொய்யும் இல்லை. பின்னறைச் சுவரை ஒழுங்கைப் பக்கம் இடித்து ஒரு வாசல் வைத்திருக்கிறேன். கதவு இன்னும் போடவில்லை, படங்குச் சீலைதான் தொங்குகிறது. எனக்குக் கேள்வி கேட்கத் தெரியாது, இரத்தம் பார்க்கவும் தெரியாது. நீ வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

அம்மா